தூசி என்று எழுதிய நாள்

பிப்ரவரி 17, திங்கள்

வேலையில் சேர்ந்துவிட்டேன். வனச்சரக அலுவலகத்தின் மாடியில் ஓர் அறை. இரண்டு கணினி, ஒரு வயர்லெஸ் பெட்டி, கடகடவென்று சுற்றும் மின்விசிறி. செயற்கைக்கோள் படங்களைப் பார்த்து, வருசமலையில் எங்காவது தீப்பிடித்திருக்கிறதா, புகை தெரிகிறதா என்று சொல்ல வேண்டும். மதியம் பன்னிரண்டுக்கு ஓர் அறிக்கை, மாலை நான்குக்கு ஓர் அறிக்கை. மே முடியும் வரை ஒப்பந்தம்.

ரேஞ்சர் இளம்பரிதி என்னைவிட ஐந்தாறு வயது சின்னவர். "தூத்துக்குடில இருந்து இம்புட்டுத் தூரம் தனியாவா வந்தீங்க மேடம்? சார் என்ன பண்றாரு?" என்று கேட்டார். மஸ்கட்டில் கட்டுமானக் கம்பெனியில் இருக்கிறார், ஈஸ்டருக்கு வருவார் என்றேன்.

வீடு பேருந்து நிலையத்துக்குப் பின்புறம், மாடிப் போர்ஷன். ஜன்னலைத் திறந்தால் மலை. துணி காயப்போடக் கொடி கட்ட ஆணி இல்லை. நாளை வாங்க வேண்டும்.

பிப்ரவரி 20, வியாழன்

காலையில் முதல் வேலையாக ஓமன் பக்கத்துப் படத்தைத் திறந்து பார்த்துவிடுகிறேன். வேலைக்கு வேண்டியதுதான். அரபுப் பாலைவனத்தில் கிளம்பும் தூசி கடல் தாண்டி நம் மேற்கு மலை வரை வந்துவிடும். சாதாரணப் படத்தில் புகையும் தூசியும் ஒன்றுபோல மங்கலாகத்தான் இருக்கும். புகை ஓரிடத்தில் மெலிதாகத் தொடங்கி விரிந்துகொண்டே போகும், கொஞ்சம் நீலம் பாய்ந்திருக்கும். தூசி பழுப்பாக, பாய் விரித்ததுபோல வரும். சந்தேகம் வந்தால் வெப்பத்தை வைத்து நிறம் கொடுக்கும் இன்னொரு படம் இருக்கிறது. அதில் தூசி மட்டும் ரோஜா நிறமாகத் தெரியும். திறந்து பார்க்க இரண்டு நிமிடம் போதும்.

மஸ்கட்டுக்கு மேற்கே இன்று லேசாகத் தூசி. செல்வினுக்கு வாட்ஸப்பில் எழுதினேன்: "மதியத்துக்கு மேல் காற்று கூடும். மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள்."

பிப்ரவரி 24, திங்கள்

முதல் சிவப்புப் புள்ளி. எங்காவது அளவுக்கு மீறிச் சூடு இருந்தால் கணினி அந்த இடத்தில் சிவப்புப் புள்ளி வைக்கும். தெற்குச் சரிவில் ஒன்று. வயர்லெஸ்ஸில் ஆனமொட்டைக் காவல் கோபுரத்தைக் கூப்பிட்டேன்.

"ஆனமொட்டை சடைச்சி பேசுறேன். யாரு, புதுக் குரலா இருக்கு?"

சொன்னேன். போய்ப் பார்த்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் கூப்பிட்டாள்.

"தீயும் இல்ல, ஒண்ணும் இல்லக்கா. மொட்டப்பாற வெயில்ல காஞ்சு கெடக்கு. ஒங்க சாட்டிலைட்டுக்குத்தான் காச்சல் போல."

சிரித்துவிட்டேன். சத்தமாகச் சிரித்தது எனக்கே விசித்திரமாக இருந்தது. கீழே இருந்த கிளார்க் படியேறி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

சடைச்சி மலையிலேயே இருக்கும் பளியர் பழங்குடிக் குடியிருப்பைச் சேர்ந்தவள். முப்பத்தைந்து வயதிருக்கும் என்கிறார் ரேஞ்சர். கணவன் மஞ்சள் காமாலையில் போன பிறகு தீக்காவல் வேலைக்கு வந்திருக்கிறாள். தீக்காலம் நான்கு மாதமும் அந்தக் கோபுரத்தில் தனியாக இருக்கிறாள். வாரம் ஒருமுறை அவள் தம்பி அரிசி கொண்டுபோய்க் கொடுப்பானாம்.

மார்ச் 1, சனி

ரசம், அப்பளம். செல்வினிடமிருந்து பதில் இல்லை. அங்கே நெட் சரியில்லை.

மார்ச் 5, புதன்

சாம்பல் புதன். பேருந்தில் இருபது நிமிடம் போய், ஒரு சின்னக் கோயிலில் நெற்றியில் சாம்பல் வாங்கிக்கொண்டு வந்தேன். தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. பூசை முடிந்து வாசலில் எல்லோரும் கூடி நின்று பேசினார்கள். நானும் கொஞ்ச நேரம் நின்றேன்.

மாலை அறிக்கை அனுப்பிய பிறகு சடைச்சியிடம் பேசுவது வழக்கமாகிவிட்டது. இன்று செல்வினைப் பற்றிக் கேட்டாள்:

"மாமா பேசுனாராக்கா?"

"பேசினாரு. சாளை மீன் கொழம்பு திங்கணும்போல இருக்காம்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. இல்லை என்று சொன்னால் மேற்கொண்டு கேள்வி வரும்.

மார்ச் 11, செவ்வாய்

வயர்லெஸ்ஸில் ஊர்க்கதை பேசக்கூடாது என்று ரேஞ்சர் பக்குவமாகச் சொன்னார். சரி என்றேன். மாலையில் பேசினோம், சுருக்கமாக.

"அக்கா, மேல இருந்து பாத்தா நான் தெரிவேனா?"

"படத்துல ஒரு புள்ளிங்கது பெரிய மைதானம் அளவு. அதுல ஆளு எங்க தெரியும்?"

"அப்ப ஆளு தெரியாமத்தான் தெனமும் உத்து உத்துப் பாக்குறீகளாக்கும்."

அவள் கோபுரத்தைப் பற்றித்தான் சொன்னாள். எனக்கு ஓமன் படம் நினைவுக்கு வந்தது. கரகரவென்று இரைச்சல் மட்டும் கேட்டது. "இருக்கீகளா?" என்றாள். இருக்கிறேன் என்றேன்.

மார்ச் 19, புதன்

பெரிய தூசி. மூன்று நாளாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓமன் கரையில் கிளம்பி, கடல் மேல் நாக்கு நீட்டியதுபோல நீண்டு, இன்று நம் மலைக்கே வந்துவிட்டது. ரோஜா நிறப் படத்தில் பளிச்சென்று தெரிந்தது. முன்கூட்டியே எழுதியிருந்தேன். ரேஞ்சர் மாடிக்கே வந்து, "மேடம், மொதல்ல எல்லாரும் தீன்னு பதறிட்டாங்க. ஒங்க ரிப்போர்ட்டால ஆள் அலைச்சல் மிச்சம்" என்றார்.

"எதுத்த மலையவே காணோம்க்கா" என்றாள் சடைச்சி. "பல்லெல்லாம் மண்ணு நறநறங்குது. இது மாமா ஊரு மண்ணா?"

ஜன்னல் விளிம்பில் விரலால் தொட்டுப் பார்த்தேன். மாவு மாதிரி ஒட்டிக்கொண்டு வந்தது. துடைக்காமல் விட்டுவிட்டேன்.

மார்ச் 21, வெள்ளி

தீ.

பதினொன்றரைக்கு வந்த படத்தில் சிவப்புப் புள்ளி இல்லை. மங்கல் இருந்தது. புதன்கிழமையிலிருந்து இருக்கிற மங்கல்தான். பன்னிரண்டு மணி அறிக்கையில் "தூசி" என்று எழுதினேன். இரண்டரை மணிப் படத்தில் பதினான்கு புள்ளிகள், தென்மேற்குச் சரிவில். கோபுரத்தைக் கூப்பிட்டேன். பதில் இல்லை. கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன்.

ஆறு மணிக்குத்தான் ஓடைக்கு மேலே, பாறை இடுக்கில் அவளைக் கண்டெடுத்தார்கள். உயிர் இருக்கிறது. இரண்டு கையும், முழங்காலுக்குக் கீழேயும் வெந்திருக்கிறது. மாவட்ட ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள்.

செல்வினுக்குப் போன் செய்தேன். லைன் கிடைக்கவில்லை.

மார்ச் 23, ஞாயிறு

இன்னும் எரிகிறது. அறுபது பேர் மேலே போய்ப் பச்சைத் தழையால் அடித்துக்கொண்டிருக்கிறார்கள். கீழேயிருந்து எதிர்த்தீ வைத்து மறிக்கப் பார்க்கிறார்கள். என் படத்தில் புகை சமவெளி தாண்டிக் கிழக்கே நாற்பது கிலோமீட்டர் போகிறது. அரைமணிக்கொரு முறை காற்றின் திசையைச் சொல்கிறேன். எல்லோரும் நான் சொல்வதைக் கேட்கிறார்கள். இப்போது எதையும் தப்பாகச் சொல்லவில்லை.

மார்ச் 24, திங்கள்

மாலையில் அணைந்தது. இரண்டு நாளாகச் சமைக்கவில்லை என்பது பால்காரம்மா கேட்டபோதுதான் நினைவுக்கு வந்தது.

மார்ச் 25, செவ்வாய்

விசாரணைக்கு அறிக்கை கேட்டு மேலிடத்துக் கடிதம் வந்திருக்கிறது. ரேஞ்சர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மூன்று நாளாகத் தூங்காத கண்.

"மேடம், பதினொன்றரைப் படத்துல புள்ளி இல்லைல்ல?"

"இல்ல சார்."

"அத மட்டும் எழுதிக் குடுங்க. சருகுக்கு அடியில மெதுவா எரியுற தீய சாட்டிலைட்டு காட்டாது. இது எல்லாருக்கும் தெரியும். ஒங்க மேல ஒண்ணும் வராது."

எழுதிக் கொடுத்தேன். ஒரு பக்கம். அதில் பொய் ஒரு வரிகூட இல்லை.

மார்ச் 28, வெள்ளி

கிளார்க் சொல்லித்தான் தெரியும். சடைச்சி யாரிடமும் சொல்லாமல் கோபுரத்தை விட்டு இறங்கிப் போனாள், மேலே இருந்திருந்தால் தீயை முன்னாலேயே பார்த்துச் சொல்லியிருப்பாள் என்று எழுதப்போகிறார்களாம். அவளுடைய வேலை போகும். பணியில் இருக்கும்போது பட்ட காயம் என்றும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

ரேஞ்சரிடம் கேட்டேன். "எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு மேடம்" என்றார். "ஆனா சொல்லாம எறங்குனது தப்புதானே? ஓடைக்குத் தண்ணி எடுக்கப் போனாளோ என்னமோ. நெனவு தெளிஞ்சு யார்ட்டயும் இன்னும் பேசல."

சரி சார் என்று சொல்லிவிட்டு மாடிக்கு வந்தேன்.

மார்ச் 30, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. துணி துவைத்தேன். காய்ந்ததை எடுத்து மடித்துவிட்டு, மறுபடி நனைத்து மறுபடி துவைத்தேன்.

ஏப்ரல் 2, புதன்

இந்த நோட்டைத் திருப்பிப் பார்த்தேன். மார்ச் 21 அன்று ஒன்பது பத்து வரிதான் இருக்கிறது. என் நோட்டு, என்னைத் தவிர யாரும் படிக்கப்போவதில்லை. அப்படியிருந்தும் பார்த்துப் பார்த்து எழுதியிருக்கிறேன். இப்போது நடந்ததை எழுதுகிறேன்.

அன்று காலை அலுவலகத்துக்கு வந்ததிலிருந்து ஓமன் படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே அடுத்த தூசி கிளம்பியிருந்தது, புதன்கிழமை வந்ததைவிடப் பெரியது. மஸ்கட்டையே மூடியிருந்தது. செல்வினுக்கு நெஞ்சில் சளி கட்டும் உடம்பு. நான்கு முறை செய்தி அனுப்பினேன். பதினொன்றேகாலுக்குப் போன் செய்தேன். நோட்டில் எழுதியதுபோல் அல்ல, லைன் கிடைத்தது. மூன்றாவது மணியில் எடுத்தார்கள்.

ஒரு பெண். "ஹலோ" என்றாள். பின்னால் ஏதோ பாத்திரச் சத்தம்.

"அவங்க குளிக்காங்க. நீங்க யாரு?"

நம் பக்கத்துப் பேச்சு. 'குளிக்காங்க' என்று சொல்வது எங்கள் ஊரில்தான். யார் என்று கேட்டவளுக்கு என்ன சொல்வது? பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் பனிமய மாதா கோயிலில் அவரைக் கட்டிக்கொண்டவள் என்று சொல்லியிருக்கலாம். மூன்று வருடமாக அவர் ஊருக்கே வரவில்லை என்றும், ஒவ்வொரு ஈஸ்டருக்கும் வருவார் என்று நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்றும் சொல்லியிருக்கலாம்.

"வானிலை ஆபீஸ்ல இருந்து பேசுறோம்" என்றேன். "தூசி வருது. வெளியே போக வேண்டாம்னு சொல்லுங்க."

"சரிங்க, சொல்லுதேன். ரொம்ப நன்றிங்க" என்றாள். நல்ல குரல்.

அதன் பிறகு பதினொன்றரை மணிப் படம் வந்தது. பார்த்தேன். தென்மேற்குச் சரிவில் மங்கல் இருந்தது. பாய் விரித்ததுபோல இல்லை. ஓரிடத்தில் குறுகலாகத் தொடங்கி, வடகிழக்கே விரிந்து போயிருந்தது. லேசாக நீலம். என் கண் அதைப் பார்த்தது. பார்த்ததும் எனக்குள் ஒன்று, இது புகை என்று சொன்னது. ரோஜா நிறப் படத்தைத் திறந்திருந்தால் அங்கே ஒன்றும் இல்லை, அதனால் தூசி இல்லை என்று உறுதியாகியிருக்கும். திறக்கவில்லை. இரண்டு நிமிட வேலை. அவர் இருக்கும் இடத்துத் தூசி இங்கே வரை வந்திருக்கிறது என்றே இருக்கட்டும் என்று நினைத்தேனோ என்னவோ. வேறு எதுவும் வராத இடத்திலிருந்து அதுவாவது வந்துகொண்டிருந்தது.

"தூசி" என்று அடித்து வைத்தேன்.

அறிக்கை அனுப்ப இன்னும் பத்து நிமிடம் இருக்கையில், பதினொன்று ஐம்பதுக்கு, சடைச்சி கூப்பிட்டாள்.

"அக்கா, மணம் வருதுக்கா. சருகு கருகுற மணம்."

"தூசிதான். ரெண்டு நாளா இருக்கதுதானே."

"தூசிக்கு ஏதுக்கா கருகுன மணம்? கண்ணுக்கு ஒண்ணும் தெரியல, எல்லாம் மூட்டமா இருக்கு. நான் எறங்கி ஓட வரைக்கும் போய்ப் பாத்துட்டு வரவா?"

அவள் குரல் காதில் விழுந்ததே எனக்கு அப்போது எரிச்சலாக இருந்தது. யாரும் என்னிடம் பேசாமல் இருந்தால் போதும் என்றிருந்தது.

"என்னமும் செய்யி" என்றேன்.

அவள் சொல்லாமல் இறங்கவில்லை. என்னிடம் கேட்டுவிட்டுத்தான் இறங்கினாள். வயர்லெஸ் பேச்சைப் பதிவு செய்யும் வசதி இங்கே கிடையாது. இது அவளுக்கும் எனக்கும் மட்டும் தெரியும்.

ஏப்ரல் 3, வியாழன்

புதிதாக ஓர் அறிக்கை எழுதினேன். நான்கு பக்கம். செல்வின் விஷயத்தை எழுதவில்லை, "சொந்தக் காரணத்தால் கவனம் சிதறியிருந்தேன்" என்று மட்டும் எழுதினேன். மற்றதெல்லாம் எழுதினேன். பதினொன்றரை மணிப் படத்தையும், அதே நேரத்து ரோஜா நிறப் படத்தையும் அச்செடுத்து வைத்தேன்.

ரேஞ்சர் நின்றபடியே படித்தார். முதல் பக்கத்துக்கு இரண்டு முறை போனார்.

"இத எதுக்கு மேடம் இப்ப? மொதல்ல குடுத்ததே போதுமே."

"அவ என்ட்ட சொல்லிட்டுத்தான் சார் எறங்கினா."

"அது சரி. அந்த ஒரு வரிய மட்டும் எழுதிக் குடுங்களேன். 'தகவல் சொன்னாள்'னு. இந்தப் படமெல்லாம் எதுக்கு?"

"அந்த ஒரு வரிய எழுதினா, அவ சொன்னதுக்கு நீ என்ன செஞ்சேன்னு கேப்பாங்கல்லா?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். அங்கிருந்து மலையின் கருகிய பக்கம் தெரியும்.

"ஒங்களுக்கு இனி எங்கயும் இந்த வேல குடுக்க மாட்டாங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

"தெரியும் சார்."

வாங்கிக் கையெழுத்துப் போட்டுத் தேதி எழுதினார்.

ஏப்ரல் 9, புதன்

இரண்டு கடிதம் ஒரே உறையில் வந்தன. சடைச்சி மேல் நடவடிக்கை இல்லை, பணியின்போது ஏற்பட்ட காயம். என் ஒப்பந்தம் இன்றோடு முடிகிறது.

கணினியை அணைக்கும் முன் பழக்கத்தில் கை ஓமன் படத்துக்குப் போனது. திறக்கவில்லை. செல்வினுக்கு ஒரு செய்தி மட்டும் அனுப்பினேன்: "அன்று போனை எடுத்தவரிடம் நான் யார் என்று சொல்லிவிடுங்கள். ஈஸ்டருக்கு வருவீர்கள் என்று இனி நான் யாரிடமும் சொல்லப்போவதில்லை."

வீட்டுக்காரம்மாவிடம் மே வரை இருப்பேன் என்று சொன்னேன். ஊருக்குப் போய் யாரிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை. இங்கே ஒரு வேலை மிச்சம் இருக்கிறது என்பது மட்டும் தெரியும்.

ஏப்ரல் 12, சனி

மாவட்ட ஆஸ்பத்திரி. பேருந்தில் ஒன்றரை மணி நேரம். தீக்காய வார்டில் ஏழு கட்டில். எது அவள் என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு மாதம் தினமும் பேசியிருக்கிறேன், முகம் தெரியாது. நர்ஸிடம் பெயரைச் சொன்னேன். கடைசிக் கட்டிலிலிருந்து ஒரு பெண் தலையைத் திருப்பினாள். என் குரலை வைத்துக் கண்டுகொண்டாள்.

"அக்கா."

நான் நினைத்து வைத்திருந்ததைவிடச் சின்ன உருவம். இரண்டு கையும் முழங்கை வரை கட்டு. முகத்தில் ஒரு பக்கம் தோல் உரிந்து வெளுத்திருந்தது. பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

"ரேஞ்சரு வந்து சொன்னாரு. நீங்க எழுதிக் குடுத்தீகன்னு. அதான் என் வேல நிக்குதுன்னு" என்றாள்.

"அது இருக்கட்டும். ஒங்கிட்ட நான் நேர்ல சொல்லணும்."

சொன்னேன். படத்தைச் சொன்னேன். அதில் தெரிந்ததையும், நான் திறக்காமல் விட்டதையும் சொன்னேன். அவள் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மணம் வருதுன்னு சொன்னேன்லக்கா."

"சொன்ன."

"அப்ப ஒங்களுக்கும் தெரிஞ்சிருக்கு."

"தெரிஞ்சுது."

"அப்பறம் ஏன்?"

செல்வினைப் பற்றிச் சொன்னேன். போனை எடுத்த பெண்ணைப் பற்றி, வானிலை ஆபீஸ் என்று நான் சொன்னதைப் பற்றி. இதுவரை யாரிடமும் சொல்லாததை எல்லாம் அந்த வார்டில், பக்கத்துக் கட்டில்காரர்கள் கேட்க, சொன்னேன். சொல்லி முடித்தபோது எனக்கு அழுகை வந்தது. அவளுக்கு வரவில்லை.

"பாவந்தேன்" என்றாள். பிறகு, "அதுக்கு என் கையி என்னக்கா பண்ணுச்சு?" என்றாள்.

அவள் கையில் இருந்த கட்டுகளைப் பார்த்தேன்.

"போங்கக்கா. நான் படுக்கணும்."

வெளியே வராந்தா பெஞ்சில் வந்து உட்கார்ந்தேன். பேருந்து நிலையத்துக்குப் போகலாம் என்று இரண்டு முறை எழுந்தேன். ஒரு மணிக்கு நர்ஸ் வந்து, "கடைசி பெட் அம்மாவோட ஆளா நீங்க? அவங்க தம்பி ஊருக்குப் போயிருக்காரு. சோறு ஊட்ட யாரும் இல்ல. நேத்தும் பட்டினி. முட்டை கண்டிப்பாத் திங்கணும், இல்லன்னா புண்ணு ஆறாது" என்றார்.

ஆள் என்று சொல்லவும் இல்லை, இல்லை என்று சொல்லவும் இல்லை. தட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போனேன். சடைச்சி என்னைப் பார்த்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். சோற்றைப் பிசைந்து உருட்டி நீட்டினேன். அப்படியே நீட்டிக்கொண்டிருந்தேன். கை வலித்தது. இறக்கவில்லை.

வெகுநேரம் கழித்து, முகத்தைத் திருப்பாமல், வாயை மட்டும் திறந்தாள்.

ஏப்ரல் 13, ஞாயிறு

போனேன். ஊட்டினேன். பேசவில்லை.

ஏப்ரல் 14, திங்கள்

வீட்டிலேயே பருப்பு கடைந்து, முட்டை அவித்து எடுத்துக்கொண்டு ஏழரை மணிப் பேருந்தில் போனேன். ஊட்டினேன். ஈரத்துணியால் வாயைத் துடைத்தேன். பேசவில்லை.

ஏப்ரல் 15, செவ்வாய்

இன்று மூன்றாவது வாயில் நிறுத்தி, மென்றுகொண்டே என்னைப் பார்த்தாள்.

"உப்புப் பத்தல" என்றாள்.